ரெண்டு கோடும் என்னோடதுதான்

எனக்கு எழுபத்து நாலு வயசு. அஞ்சு பேரை வளர்த்தேன். மூணு பொண்ணும் ஒரு பையனும் என் வயித்துல பொறந்தது. இன்னொரு பையன் என் தங்கச்சி பெத்தது. அவள் போனப்போ அவன் கைக்குழந்தை. அவன் பெரியவன், எனக்குக் கடைசியாப் பொறந்தவன் சின்னவன். எங்க குப்பத்துல எல்லாருக்கும் இது தெரியும். என் வீட்டுத் தட்டுக்கும் டம்ளருக்கும் மட்டும் தெரியாது.

இவனுக்கு ஒரு சட்டை எடுத்தா அதே துணியில அவனுக்கும் ஒரு சட்டை. கடலுக்குப் போற வயசு வந்ததும் ஆளுக்கு ஒரு ஃபைபர் படகு. ரெண்டும் ஒரே நீளம், ரெண்டுக்கும் ஒரே நீலப் பெயிண்ட். கரையில நின்னு பார்த்தா எது யாருதுன்னு எனக்கே தெரியாது. தெரிய வேணாம்னுதான் அப்படி அடிக்கச் சொன்னேன்.

இதை முன்னாடியே சொல்லி வைக்கிறேன். ஆனா நான் எழுத உக்காந்தது படகைப் பத்தி இல்லை, ஒரு டீச்சரைப் பத்தி. மழையில என் ரெண்டு பையனும் கடல்ல மாட்டிக்கிட்ட அன்னைக்கு, காப்பாத்தப் போற படகு எந்தப் பக்கம் திரும்பணும்னு சொன்னவள் அவள்.

பேர் எழுத மாட்டேன். அவளே வேணாம்னுட்டாள். "என் பேரைப் போட்டா, கூட வேலை பார்த்த பசங்க பேரையும் போடணும்கா. ஒருத்தர் பேச்சை வெச்சே எதையும் முடிவு பண்ணக்கூடாதுங்கறேன். ஒருத்தர் பேரை மட்டும் வெச்சு எப்படி கதை சொல்றது?"ன்னாள். அவள் சுபாவம் மொத்தமும் அந்தப் பேச்சுல இருக்கு.

எங்க குப்பம் கோவளத்துக்குத் தெற்கே. அப்போ நான் விடியக்காலம் கரையில மீன் எடுத்துக்கிட்டு, பஸ் ஏறி கேளம்பாக்கம், வண்டலூர் வழியா தாம்பரம் வந்து, அங்கேர்ந்து இன்னொரு பஸ் பிடிச்சு மாடம்பாக்கத்துல கூடையை இறக்குவேன். சிவன் கோயிலுக்குப் பின்னாடித் தெருவுல ஒரு மாடி வீட்டுக்கு அவள் புதுசா குடி வந்திருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டு மேல ஒரு காலேஜுல வாத்தியார் வேலை. ஊரு சேலம் பக்கம். காலேஜ் படிக்க வர்ற வரைக்கும் கடலையே பார்த்ததில்லையாம். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, தலையைப் பின்னாம ஒரு கிளிப்பு மாட்டிக்கிட்டு இறங்கி வந்தாள்.

நல்ல சங்கரா மீன் அன்னைக்கு. காலையில பிடிச்சதும்மான்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு, குந்தி உக்காந்து செவுளைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் கண்ணை. அப்புறம் விரலால முதுகை அமுக்கிட்டு பள்ளம் எழும்புதான்னு பார்த்தாள். எனக்கு கோவம் வந்துடுச்சு.

"இன்னாம்மா, மீனுக்கு மூணு சாட்சியா? கோர்ட்டுலகூட ரெண்டு போதும்பாங்க."

சிரிச்சாள். "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலைக்கா. செவுள் தப்பா சொல்லலாம், சாயம் தடவறவங்க இருக்காங்களாம். கண்ணு தப்பா சொல்லலாம், ஐஸ்ல கிடந்தா வெளுத்துடுது. என் விரலுக்கு அனுபவமே இல்லை. மூணும் தப்பு பண்ணலாம். ஆனா மூணும் ஒரே மாதிரி தப்பு பண்ணாது. மூணும் ஒரே பேச்சு பேசினா எடுத்துக்குவேன்."

மூணும் ஒரே பேச்சுதான் பேசுச்சு. என் மீனாச்சே. அன்னையிலேர்ந்து அவள் வேற யார்கிட்டயும் வாங்கினதில்லை. ஆனா ஒரு நாள்கூட செவுளைத் தூக்காம வாங்கினதும் இல்லை.

உன் அம்மா வயசு எனக்கு, ஏன் அக்கான்னு கூப்பிடறேன்னு ஒருநாள் கேட்டேன். "உங்க வயசை நீங்க ஒருத்தர்தானேக்கா சொல்றீங்க, இன்னும் ரெண்டு பேர் சொல்லட்டும்"னாள். அந்த வாய்க்காகவே நான் அந்தத் தெருவுக்கு முதல்ல போவேன்.

ஒரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து ரயில்ல போனோம். என் பொண்ணு ஒருத்தியைப் பார்க்க நான், ஏதோ சாமான் வாங்க அவள். வழியில ஒரு ஸ்டேஷன்ல வண்டி மாறணும். எந்த ஸ்டேஷன்னு வேணாம். மைக்குல ஒரு பிளாட்பாரம் சொன்னான், போர்டுலயும் அதேதான் எரியுது. ஜனம் அடிச்சுப் பிடிச்சு அங்க ஓடுது. இவள் மேம்பாலத்து நடுவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாள். மைக்கும் சொல்லுது, போர்டும் சொல்லுது, ரெண்டு சாட்சி ஆச்சே, வாடின்னேன்.

"ரெண்டையும் ஒரே ரூம்ல ஒரே ஆள்தானேக்கா அமுக்கறாரு? அது ரெண்டு சாட்சி இல்லை. ஒரே சாட்சி, ரெண்டு வாய்."

அப்புறம் கீழே வேர்க்கடலை விக்கிறவரைக் காட்டினாள். அவர் கூடையைத் தூக்கிக்கிட்டு நிதானமா எதிர் பிளாட்பாரத்துக்குப் போறார். தூரத்துல வண்டி முகம் தெரியுது, அதுவும் எதிர்ப் பக்கத்துத் தண்டவாளத்துல. இப்ப வாங்கன்னு இறங்கினாள். எங்களுக்கு ஜன்னல் ஓரம் கிடைச்சது. ஓடின ஜனம் திரும்பி ஓடி வந்து தொங்கிக்கிட்டு வந்தது.

அப்புறம் சிறுத்தை வந்த கதை. மாடம்பாக்கத்துல அந்தத் தெருவுக்கே ஒரு வாரம் வேற பேச்சு இல்லை. பேங்குல வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு சார், சாயங்காலம் காம்பவுண்டு சுவர் மேல சிறுத்தை போனதைக் கண்ணால பார்த்தேன்னு சொல்லிட்டார். கோலம் போடற பொம்பளைங்க வாசலுக்கு வர மாட்டேங்குது. என் வியாபாரம் படுத்துடுச்சு. டீச்சர் ஒரு சாக்பீஸை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனாள். யார் எங்க பார்த்தீங்க, எந்தப் பக்கம் போச்சு, சத்தம் கேட்டுச்சா, எப்போன்னு கேட்டு, அந்தந்த இடத்துல ரோட்டு மேல ஒரு புள்ளி வெச்சாள். பால்காரம்மா ரெண்டு கண்ணு மின்னினதைப் பார்த்தாள். ஒரு வீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல ஓடின சத்தம் மட்டும் கேட்டாங்க. கடைசியா என்கிட்ட வந்து, தெரு நாய் என்ன பண்ணுச்சுன்னு கேட்டாள். அது பாட்டுக்குத் தூங்கினு இருந்துச்சுன்னேன்.

"அதுவும் ஒரு சாட்சிதான்கா"ன்னு சொல்லிட்டு புள்ளியை எல்லாம் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். கோடு வளைஞ்சு வளைஞ்சு போய், அந்தப் பேங்க் சார் வீட்டு சப்போட்டா மரத்துக்கு நேரா நின்னுச்சு. இன்னைக்கு சாயங்காலம் இங்க வரும்னாள். எல்லாரும் மாடியில ஏறிக்கிட்டுப் பார்த்தோம். வந்தது. நீள வாலோட ஒரு மரநாய், சப்போட்டாப் பழத்தைத் தின்னுட்டு எங்களையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போச்சு.

தெருவே அந்த சாரைக் கிண்டல் பண்ணுச்சு. அவள் பண்ணலை. "அவர் வாலைச் சரியாத்தான் பார்த்திருக்கார். பயத்துல உடம்பைத்தான் பெருசாக்கிட்டார். வாலை எடுத்துக்கலாம், உடம்பைத் தள்ளிடலாம். அவர் சொல்லலைன்னா எனக்குக் கோடே வந்திருக்காது"ன்னாள். அந்த சார் அதுக்கப்புறம் அவளுக்கு மட்டும் மரத்துல பழுத்த பழம் அனுப்புவார்.

யாரையும் பொய்யன்னு தள்ள மாட்டாள், யாரையும் முழுசா நம்பவும் மாட்டாள். ஊர்ல சில பேருக்கு இது பிடிக்காது. எனக்கும் முதல்ல பிடிக்கலை. அப்புறம் யோசிச்சேன். என்னை நூத்துக்கு நூறு நம்பறேன்னு சொன்னவங்க எத்தனையோ பேர். நான் சொன்னதை மெனக்கெட்டு விசாரிச்சவள் இவள் ஒருத்திதான். மதிக்கலைன்னா விசாரிப்பாளா?

அவள் காலேஜுல செய்யற வேலை என்னன்னு எனக்குத் தெரிஞ்சது, அவள் எங்க குப்பத்துக்கு வந்தப்பதான். நாலஞ்சு காலேஜ் பசங்களோட வேன்ல வந்து இறங்கினாள். பஞ்சாயத்தார்கிட்ட அனுமதி கேட்டு, மீன் ஏலக் கூடத்து மொட்டை மாடியில கம்பம் நட்டாங்க. கம்பத்து உச்சியில சட்டி மாதிரி ஒண்ணு சுத்தும். அது ராடார். அதுக்குக் கீழே ஒரு கேமரா. அதுக்குப் பக்கத்துல சூட்டை மட்டும் பாக்கிற இன்னொரு கேமரா. கூடத்துக்குள்ள டி.வி. மாதிரி ஒரு திரை.

பெரிய கப்பலுக்கு நம்ம ஃபைபர் படகு சரியாத் தெரியாது. மழை நாள்ல யாருக்குமே தெரியாது. படகு எங்க இருக்கு, எங்க போகுதுன்னு கரையிலேர்ந்து விடாம பின்தொடர்றதுக்குத்தான் இந்த மிஷின்னு சொன்னாள். அதுக்கு எதுக்கு மூணு, ஒண்ணு நல்லதா வாங்கி வெச்சா ஆகாதான்னு என் கொழுந்தன் கேட்டான்.

"ராடாருக்குத் தூரம் தெரியும், முகம் தெரியாதுங்க. அலையையும் படகுன்னு நினைச்சுக்கும். கேமராவுக்கு முகம் தெரியும், தூரம் தெரியாது. மழை வந்தா கண்ணை மூடிக்கும். சூட்டுக் கேமராவுக்கு எஞ்சின் ஓடுதா, ஆள் இருக்காரான்னு தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. மூணும் அரைகுறைங்க. மூணையும் பக்கத்துல உக்கார வெச்சு பேச வெச்சா, அரைகுறை போய் முழுசு வரும்."

நான் அப்பவே சிரிச்சேன். செவுள், கண்ணு, விரல். அதையேதான் கம்பத்து மேல ஏத்தி வெச்சிருக்காள்.

என் கொழுந்தனைப் பத்தி சொல்லணும். குப்பத்துலயே பெரிய எஞ்சின் வெச்ச படகு அவனுது. வாயும் பெருசு. ஆள் உசர அலைன்னா ரெண்டாள் உசரம்பான். ஒரு கூடை மீனை ரெண்டு கூடைம்பான். அவன் பேச்சை நாங்க யாரும் காதுல போட்டுக்க மாட்டோம். டீச்சர் தினம் அவன் வர்ற வரைக்கும் காத்திருந்து, இன்னைக்கு அலை எப்படி, காத்து எப்படின்னு கேட்பாள். அவன் சொன்னதையும் மிஷின் சொன்னதையும் ஒத்துப் பார்ப்பாள். ஒருநாள் என்கிட்ட வந்து, "அக்கா, உங்க கொழுந்தனார் சொல்றதுல பாதி எடுத்தா என் ராடாரைவிட சரியா இருக்கு"ன்னாள். "எப்பவும் ஒரே அளவுக்குத்தான் பெருசாக்கறார். அதனால அவரை நம்பலாம். ஒருநாள் கூட்டி, ஒருநாள் குறைச்சு சொல்றவங்களை வெச்சுதான் ஒண்ணும் பண்ண முடியாது."

அதைக் கேட்டு அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. காலேஜே நம்மளை நம்புது அண்ணின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சான். பாதின்னு சொன்னதை மட்டும் விட்டுட்டான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரு இடத்துல மட்டும் மிஷின் தடுமாறுச்சு. தினமும் அதே வேளைக்கு, அதே ரெண்டு படகுகிட்ட.

அது என் பையன்களோட படகு. எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. கடலுக்குப் போற ரெண்டு பேருக்கும் நான் ஒரே தூக்குவாளியிலதான் சோறு கட்டுவேன். ரெண்டு தூக்கு வாங்க முடியாம இல்லை. ஒரே தூக்கா இருந்தா, கடல்ல எங்க வலை விட்டிருந்தாலும் பசிக்கிற வேளைக்கு ரெண்டு படகும் சேர்ந்தே ஆகணும். பக்கத்துல பக்கத்துல அணைச்சு, ஒருத்தன் படகுல ஒருத்தன் கால் வெச்சு, பேசிக்கிட்டு சாப்பிடுவாங்க. கல்யாணம் ஆனப்புறம் மருமகளுங்க ஆளுக்கு ஒரு தூக்கு வாங்கி வந்தாளுங்க. மேல் பரண்ல போட்டுட்டேன்.

திரையில ஒவ்வொரு படகும் ஒரு கோடா ஊர்ந்துக்கிட்டுப் போகும். கோட்டுக்குப் பக்கத்துல பெரியவன், சின்னவன்னு பசங்க எழுதி வெச்சிருந்தாங்க. சோத்து வேளைக்கு ரெண்டு கோடும் ஒண்ணாச் சேர்ந்துடும். பிரிஞ்சு வரும்போது மிஷினுக்கு எது யாருன்னு புரியாது. ஒரே நீளம், ஒரே நீலம். சில நாள் பெரியவனைச் சின்னவன்னும் சின்னவனைப் பெரியவன்னும் சாயங்காலம் வரைக்கும் காட்டிக்கிட்டே இருக்கும்.

காலேஜ் பையன் ஒருத்தன் என்கிட்ட வந்து, "ஆயா, ரெண்டு தூக்கா கட்டிக் குடுத்துடுங்க, இல்லைன்னா ஒரு படகுக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சுடலாம், செலவு எங்களுது"ன்னான். அவனைத் திட்டத்தான் எழுந்தேன். ஆனா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டீச்சர் திறந்துட்டாள்.

"நம்ம மிஷினுக்கு வசதியா இருக்கணும்னு அண்ணன் தம்பி தனித்தனியா சாப்பிடணுமா? அவங்க எப்படி வாழறாங்களோ அப்படியே இருக்கட்டும். மிஷின் கத்துக்கட்டும்."

அந்த ஒரு பேச்சுக்காக அவளை நான் என் ஆறாவது பிள்ளைன்னு வெச்சுக்கிட்டேன். அவள்கிட்ட சொன்னதில்லை.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவள் அதிலேயே கிடந்தாள். மீன் வாங்க வந்தா கைப்பைக்குப் பதிலா ஞாபகம் இல்லாம தண்ணிக் குடத்தை நீட்டுவாள். அப்புறம் ஒருநாள் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாள். இப்போ படகு ரெண்டும் சேர்ந்து பிரிஞ்சா, மிஷின் அவசரப்பட்டுப் பேர் சொல்லாது. இது பெரியவன் அது சின்னவன்னு ஒரு கதை, அது பெரியவன் இது சின்னவன்னு இன்னொரு கதை. ரெண்டு கதையையும் மடியில வெச்சுக்கிட்டே போகும். புது சாட்சி ஏதாவது வந்து ஒரு கதையைப் பொய்னு காட்டினா மட்டும்தான் அதைக் கீழே போடும். சாட்சி வர்ற வரைக்கும் தெரியலைன்னே சொல்லும்.

"தெரியலைன்னு சொல்றதுக்காடி இவ்ளோ நாள் பாடுபட்டே?"ன்னேன்.

"அதைச் சொல்ல வைக்கறதுதான்கா கஷ்டம்"னாள்.

தீபாவளி கழிஞ்ச ஒரு நாள் அது. காலையில வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருந்தது. படகுங்க எல்லாம் போச்சு. வெயில் ஏறினதும் கிழக்கே கறுத்துச்சு. பாதிப் படகு மழைக்கு முன்னாடியே திரும்பிடுச்சு. என் ரெண்டு பேரும் தூரமாப் போனவங்க, வரலை. நான் அன்னைக்கு மாடம்பாக்கம் போகலை. கூடத்துல டீச்சரும் பசங்களும் இருந்தாங்க, அவங்களோட நின்னு திரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சோத்து வேளைக்கு ரெண்டு கோடும் ஒண்ணாச் சேர்ந்தது. சேர்ந்த நேரம் பார்த்து மழை திரை போட்டுக்கிட்டு இறங்குச்சு. கேமராவுல ஒண்ணும் இல்லை, வெள்ளைதான். கோடு ரெண்டும் பிரிஞ்சு, எது எதுன்னு தெரியாம ஊர்ந்தது.

அப்பதான் என் கொழுந்தனுக்கு போன். சின்னவன் பேசறான். "சித்தப்பா, எஞ்சின் நின்னுபோச்சு, தண்ணி ஏறுது, அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்"ன்னான். அவ்வளவுதான். மறுபடி போட்டா போகலை. பெரியவன் போனும் போகலை.

அந்த அலையில தள்ளி இறக்கறதுக்கு ஆகிற படகு என் கொழுந்தன் படகு ஒண்ணுதான். ஒரு பக்கம்தான் போக முடியும். தப்பான பக்கம் போய்ட்டுத் திரும்பறதுக்குள்ள தண்ணி ஏறின படகு தாங்காது. இது அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும்.

திரையில ஒரு கோடு நேரா, மெதுவா வடக்கே போகுது. இன்னொரு கோடு கிழக்கே, குடிகாரன் மாதிரி இப்படித் திரும்புது, அப்படித் திரும்புது, வட்டம் அடிக்குது. பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார், எஞ்சின் இல்லாத படகைத்தான் அலை அப்படிப் பந்தாடும், கிழக்கே போங்கன்னு. கொழுந்தனும் அதையேதான் சொன்னான். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. என் மனசும் அதையேதான் சொல்லுச்சு.

யாரோ ஒருத்தி பின்னாடியிலேர்ந்து, இதுல எது உன் புள்ளைன்னு கேட்டாள். கெட்ட எண்ணத்துல கேட்டிருக்க மாட்டாள்.

"ரெண்டு கோடும் என்னோடதுதான்"னேன்.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் எல்லாரையும் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க. மிஷின் இன்னும் ரெண்டு கதையில ஒண்ணையும் கீழே போடலை. கீழே போடாம நானும் சொல்ல மாட்டேன்"னாள். கொழுந்தன் கத்தினான். தலைவர் பல்லைக் கடிச்சார். அவள் என் பக்கம் வந்தாள்.

"அக்கா, தம்பிக்கு எஞ்சின் நின்னது பெரியவருக்குத் தெரியும். அவர் என்ன பண்ணுவார்? கரைக்கு வருவாரா?"

"தம்பியைக் கண்டுபிடிக்காம அவன் கரையை மிதிக்க மாட்டான்."

"சரி. அதையும் சேர்த்துக்கறேன். ஆனா அம்மா பேச்சு, பாசம் கலந்தது. பாதிதான் எடுத்துப்பேன்."

அந்த நேரத்துலயும் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. என் கொழுந்தனுக்கும் பாதி, எனக்கும் பாதியா? ஆனா அவள் சொன்னதுல ஒண்ணு பிடிபட்டுச்சு. பெரியவன் தேடறான்னா, மழையில கண்ணு தெரியாம இப்படியும் அப்படியும் திரும்பித்தான் தேடுவான். அப்போ அந்தக் குடிகாரக் கோடு?

அவளும் அங்கதான் நின்னாள். காலையில பசங்க நீரோட்டம் பார்க்க ஒரு மிதவையைக் கடல்ல விட்டிருந்தாங்க. அது எங்க போகுதுன்னு பார்க்கச் சொன்னாள். அது வடக்கே போகுது, நேரா, மெதுவா. அந்த நேர்க்கோடு போற அதே வேகம். "எஞ்சின் நின்ன படகும் மிதவைதானே? தண்ணிக்குப் புத்தி மாறாது, நேரா கொண்டுபோகும். தேடறவர்தான் சுத்துவார்"னு மெதுவாச் சொன்னாள். ஆனா இன்னும் உத்தரவு குடுக்கலை. சூட்டுக் கேமராகிட்ட உக்காந்திருந்த பொண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்தாள்.

மழை ஒரு மூச்சு விட்டுச்சு. அந்தப் பொண்ணு, "மேடம், கிழக்கே இருக்கற படகுல பின்பக்கம் சூடு தெரியுது. எஞ்சின் ஓடுது. வடக்குல எஞ்சின் சூடே இல்லை, ஆள் மட்டும் லேசா தெரியறார்"னாள்.

திரையில ஒரு கதை அணைஞ்சு போச்சு. ஒண்ணு மட்டும் நின்னுச்சு. நேர்க்கோட்டுக்குப் பக்கத்துல சின்னவன்.

"வடக்கு"ன்னாள் டீச்சர்.

கொழுந்தன் கால் வாசல்ல, மனசு கிழக்கே. "தப்பாப் பூடுச்சுன்னா டீச்சர்?"

"மூணும் தப்பு பண்ணலாம் அண்ணா. மூணும் ஒரே மாதிரி தப்பு பண்ணாது. போங்க. இப்போ இருக்கற இடத்துக்குப் போகாதீங்க, நீங்க போய்ச் சேரும்போது அவர் இருக்கப் போற இடத்துக்குப் போங்க." திரையில கோட்டுக்கு முன்னால விரலை வெச்சுக் காட்டினாள். அன்னைக்கு சப்போட்டா மரத்தைக் காட்டின அதே விரல்.

படகைத் தள்ளினாங்க. மழை மறுபடி மூடிக்கிச்சு. ரெண்டு கேமராவும் குருடு. ராடாரும் விட்டு விட்டுத்தான் பேசுச்சு. ஆனா திரையில அந்தக் கோடு அறுந்து போகலை. பார்க்க முடியாத நேரத்துல மிஷின் புள்ளிப் புள்ளியா யோசிச்சுக்கிட்டே போச்சு. ராடார் ஒரு பார்வை பார்த்ததும் புள்ளியைக் கோடாக்கிக்கிச்சு. நான் கும்பிட்ட தெய்வம் எல்லாத்தையும் விட்டுட்டு அந்தப் புள்ளியைக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன். கொழுந்தன் கோடு கீழேர்ந்து ஏறி ஏறிப் போய், அவள் விரல் வெச்ச இடத்துல சின்னவன் கோட்டைத் தொட்டுச்சு.

போன் அடிச்சது. "புள்ளை கிடைச்சுட்டான் டீச்சர், படகு மொத்தமா முழுகிப் போச்சு"ன்னு கொழுந்தன் கத்தறது கூடத்துக்கே கேட்டுச்சு.

டீச்சர் என் காதுகிட்ட வந்து, "பாதிதான் முழுகியிருக்கும்கா"ன்னாள்.

நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன். கூடமே சிரிச்சது, தலைவர்கூட.

அப்புறம் அவள் போன்லயே வழி சொல்ல, கொழுந்தன் கிழக்கே போய், இன்னும் தம்பியைத் தேடிச் சுத்திக்கிட்டிருந்த பெரியவனைப் பிடிச்சான். மழை விட்டு வெளுத்த நேரத்துக்கு மூணு படகும் கரைக்கு வந்துச்சு. பெரியவன் படகு, சின்னவன் படகைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு வந்தது. அதுல பாதி வரைக்கும்தான் தண்ணி. பெரியவன் இறங்கினான். கையில தூக்குவாளி. நேரா என்கிட்ட வந்து, "மழை வந்துடுச்சும்மா, தம்பி இன்னும் துன்னல, அவன் பங்கு அப்படியே கீது"ன்னான்.

நான் பெத்தது எதுன்னு கேட்டவள் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கலை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

டீச்சர் என்ன பண்ணினாள்னு நினைக்கிறீங்க? ஊரே அவளைச் சூழ்ந்துக்கிட்டு நிக்குது. அவள் ரெண்டு பையனையும் சாப்பிடச் சொல்லிட்டு, அப்புறம் தனித்தனியா உக்கார வெச்சு, என்ன நடந்துச்சு, எப்போ பிரிஞ்சீங்க, எந்தப் பக்கம் திரும்பினீங்கன்னு விசாரிச்சாள். கோடு சரியாத்தான் போச்சான்னு பார்க்கணுமாம். ரெண்டு பேர் பேச்சும் மிஷின் பேச்சும் ஒண்ணா வந்ததும்தான் கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சாள். துடைச்சது மழைத் தண்ணின்னு சொன்னாள். நான் பாதிதான் எடுத்துக்கிட்டேன்.

பஞ்சாயத்துல அவளுக்கு மாலை போட்டாங்க. என் கொழுந்தன் அந்த வாரம் பிடிச்சதுலயே பெரிய வஞ்சிரத்தை ரெண்டு கையில ஏந்தி வந்து குடுத்தான். காலையில பிடிச்சது டீச்சர்ன்னான். மாலையும் கழுத்துமா நின்ன அவள், ஊரே பார்க்க, செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். விரலால அமுக்கினாள். குப்பம் சிரிச்ச சிரிப்பு கோவளத்துக்குக் கேட்டிருக்கும்.

இப்போ அவள் வேற ஊர்ல வேற கடற்கரையில கம்பம் நட்டுக்கிட்டிருக்காள். எங்க ஏலக் கூடத்து மேல சட்டி சுத்திக்கிட்டேதான் இருக்கு. பார்த்துக்கறதுக்கு எங்க குப்பத்துப் பொண்ணு ஒருத்தியையே பழக்கி விட்டுட்டுப் போனாள். என் வீட்டுல ரெண்டு படகும் இன்னைக்கும் ஒரே நீலம். தூக்கு இன்னைக்கும் ஒண்ணுதான்.

எழுதி முடிச்சுட்டேன். எழுத்து கோணல் மாணலா இருக்கும். இந்தா கண்ணு, நீ படி. உங்கப்பனும் பெரியப்பனும் உள்ள சாப்பிட்டுக்கினு கீறாங்க. அவங்க காதுக்கும் விழற மாதிரி சத்தமா படி. நான் சொன்னதை நான் ஒருத்தி சொன்னேன்னு நம்பாதே, என் பேச்சு பாசம் கலந்தது. படிச்சு முடிச்சதும் ஒருத்தனை வாசலுக்கும் ஒருத்தனைக் கொல்லைக்கும் அனுப்பிட்டு, தனித்தனியா கேளு. மூணு பேரும் ஒரே பேச்சு பேசினா, அவளுக்கு அனுப்பி வெச்சுடு.